இலகுவான பை, இடரில்லாப் பயணம்: அந்தமான் கடலில் மூழ்கச் செல்வோர் கவனத்திற்கு

பொங்கல் விடுமுறையும் கோடை விடுமுறையும் நெருங்கும்போது, புதுவாயல், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பகுதிக் குடும்பங்கள் பலவும் அந்தமானுக்குப் புறப்படுகின்றன. சென்னையிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்தில், முன்னர் போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தை அடைந்துவிடலாம். அங்கிருந்து கப்பலில் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாறிய ஹேவ்லாக் தீவுக்குச் சென்றால், பயிற்றுநரின் கையைப் பிடித்தபடி கடலுக்கடியில் மூழ்கிப் பவளப்பாறைகளைக் காணலாம். நீச்சல் தெரியாதவர்களும் இந்த அறிமுக மூழ்கலில் பங்கேற்பதால், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்து உட்கொள்வோர் இதில் மூழ்கலாமா, மருந்துகளை எவ்வாறு கொண்டு செல்வது என்னும் ஐயங்கள் இயல்பாகவே எழுகின்றன. அவற்றுக்கான விளக்கத்தை இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

புறப்படுமுன்: மருத்துவப் படிவம்

மூழ்கல் நிலையத்தில் முதலில் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை, நீரிழிவு, கருவுற்றிருத்தல் ஆகியவை உண்டா என்று அது வினவும். ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்று எழுதினால் மருத்துவரின் ஒப்புதல் கேட்பார்கள். இத்தனை பணம் செலவழித்து வந்துவிட்டோமே என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறித்துவிடுவோர் உண்டு. இது உயிருக்கே உலை வைக்கும் செயல்.

காரணம் எளியது. பத்து மீட்டர் ஆழத்தில் நம் உடல்மீது விழும் அழுத்தம், கரையில் உள்ளதைப்போல் இரு மடங்காகிறது. அங்கே நுரையீரலில் நிறைந்த காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். மூச்சுக்குழல் சுருங்கியிருந்தால் அக்காற்று வெளியேற வழியின்றி நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்களை முன்கூட்டியே பரிசோதிக்க வேண்டும் என்பது இதனால்தான். வலிப்பு நோய் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மூழ்குதல் கூடாது.

நம் பகுதிக்கென ஒரு செய்தியும் உண்டு. சிப்காட் வளாகத்து உருக்காலைகளிலும் வார்ப்பாலைகளிலும் பல ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்குத் தூசியால் நுரையீரலும் இரைச்சலால் செவியும் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். ‘எனக்கு ஒரு நோயும் இல்லை’ என்று நம்புவோரும், நுரையீரல் செயல்திறனையும் செவிப்பறையையும் சோதித்த பின்னர்ப் பயணச்சீட்டு வாங்குவதே முறை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே வருமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

மருந்துகள் கைப்பையில் மட்டுமே

உள்நாட்டு விமானங்களில் பொதுவாகக் கைப்பைக்கு 7 கிலோவும் ஒப்படைக்கும் பெட்டிக்கு 15 கிலோவும் அனுமதி. கைப்பையில் முதல் இடம் மருந்துகளுக்கே. ஒப்படைத்த பெட்டி தாமதமானாலும் தவறினாலும் ஒரு வேளை மருந்துகூட விடுபடக்கூடாது. பயண நாட்களுக்கு வேண்டியதோடு, கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுவிடும் நாட்களுக்கென மேலும் நான்கைந்து நாள் மருந்தும் இருக்கட்டும். சிறிய தீவுகளில் எல்லா மருந்தும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

மாத்திரைகளை அட்டையோடு வைத்திருங்கள். பிரித்து ஒரே டப்பாவில் கொட்டினால் எது எதென்று பிறருக்குத் தெரியாது. மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவச் சீட்டின் நகல் ஒன்று பையிலும், அதன் படம் ஒன்று உடன் வருபவரின் கைபேசியிலும் இருக்கட்டும்.

இன்சுலினை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கவே கூடாது. சரக்கறைக் குளிரில் அது உறைந்து பயனற்றுப் போகக்கூடும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின், 30 டிகிரி வெப்பத்துக்குள் இருந்தால் பெரும்பாலான வகைகளில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாது. உறைமேல் அச்சிட்டுள்ள அளவைப் பார்த்துக்கொள்க. நீரில் நனைத்து எடுக்கும் குளிர்ப்பை ஒன்று போதும். பனிக்கட்டியின்மேல் நேரே வைத்தலும், படகின் வெயிலில் விட்டுவைத்தலும் தவறு. மின்கலங்களும் பவர் பேங்கும் கைப்பையில்தான் செல்ல வேண்டும் என்பது விமான விதி.

எவற்றை விட்டுச் செல்லலாம்?

முகக் கவசம், துடுப்புக் காலணி, காற்றுக்கலன் முதலியவற்றை மூழ்கல் நிலையமே தரும். கனமான துண்டுகளும் ஜீன்ஸ் கால்சட்டைகளும் உப்புக் காற்றில் உலரா. பருத்தியோடு விரைவில் உலரும் மெல்லிய உடைகள் ஒரு நபருக்கு நான்கு இணை போதும். கையை முழுதும் மூடும் நீச்சல் மேற்சட்டை ஒன்று, வெயிலையும் தடுக்கும், பூசும் களிம்பின் அளவையும் குறைக்கும். நடைக்கு வாரிட்ட செருப்பு, தொப்பி, கொசு மற்றும் மணல் ஈக்களுக்கான களிம்பு, ஐந்தாறு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், நீர்ப்புட்டி ஆகியவற்றை மறவாதீர்.

பை இலகுவாயின் பயணமும் இலகுவாகும். கும்மிடிப்பூண்டியிலிருந்து புறநகர் ரயிலில் சென்னை சென்ட்ரலை அடைந்து, அங்கிருந்தே மெட்ரோவில் விமான நிலையம் சென்றுவிடலாம். முதுகு வலியும் மூட்டு வலியும் உள்ளவர்கள் படிகளில் பெட்டி தூக்கும் துன்பம் குறையும். அறுவைக்குப் பின் சுமை தூக்கக் கூடாதென்று அறிவுறுத்தப்பட்டவர்கள், தம் பையையும் உடன் வருபவரிடமே ஒப்படையுங்கள். அதில் வெட்கம் வேண்டா.

கப்பலிலும் கடலிலும்

கப்பல் பயணத்தில் குமட்டல் வருவோர், கப்பல் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மாத்திரை உட்கொள்ள வேண்டும். சில மாத்திரைகள் உறக்கத்தைத் தரும். அவற்றை விழுங்கிவிட்டு மூழ்கலாகாது. சளி, மூக்கடைப்பு இருக்கும் நாளில் மூழ்குவதைத் தள்ளிவையுங்கள். செவியின் உள்ளழுத்தம் சமன்படாமல் செவிப்பறை கிழியக்கூடும். இறங்கும்போது காதில் வலி தோன்றினால் உடனே சைகை காட்டி நிற்க வேண்டும். மேலேறும்போது மூச்சை ஒருபோதும் அடக்காதீர். முதல் நாளும் அன்றும் மதுவைத் தவிர்க்கவும்.

வெப்பத்தில் வியர்த்து நீர் குறையும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோர் அதைத் தாமே நிறுத்திவிடாமல், எவ்வளவு நீர் அருந்தலாம் என்று மருத்துவரிடம் கேட்டறிந்து செல்லுங்கள்.

திரும்பும் விமானம்

கடைசி நாள் காலையில் மூழ்கிவிட்டு மாலையில் விமானம் ஏறுவது பெருந்தவறு. மூழ்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. அழுத்தம் குறையும்போது, சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழிகள் பொங்குவதுபோல், அது குமிழிகளாக வெளிப்படலாம். விமானத்தினுள் அழுத்தம் தரையைவிடக் குறைவு. எனவே ஒரே முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். ஒரு முழு நாள் விட்டுவிடுவது இன்னும் நன்று. மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், மூச்சுத்திணறல் ஆகியன தோன்றினால், ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல் அங்கேயே உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூழ்கிய செய்தியையும் கூறுங்கள்.

உடன் செல்வோருக்கு

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள், கீழிறங்க ஒரு கல்லும் மேலேற ஒரு கயிறும் சிப்பிக்கு ஒரு வலைப்பையும் மட்டுமே கொண்டு இறங்கினர். படகில் கயிற்றைப் பிடித்திருந்தவரின் விழிப்பே அவர்களின் உயிர்க்காப்பு. நோயரோடு செல்பவரும் அத்தகையவரே. மருந்து வேளையை நினைவூட்டுங்கள். படிவத்தில் உண்மையை எழுதச் செய்யுங்கள். மூழ்க இயலாதென்று மருத்துவர் கூறினால் வருந்த வேண்டா. கண்ணாடி அடித்தளம் கொண்ட படகில் அமர்ந்தும் பவளப்பாறைகளைக் காணலாம். எல்லோரும் நலமாக வீடு திரும்புவதே நல்ல விடுமுறை.