நெஞ்சு கரிப்பும் வயிற்றுப் புண்ணும்

இரவு எட்டு மணிக்கு மேல் நம் ஊர் மருந்துக்கடை எதன் முன்னாலும் சற்று நேரம் நின்று கவனித்தால், "நெஞ்சு கரிக்குது, கேஸுக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வருகிற ஒருவரையாவது காணலாம். கடைக்காரரும் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளைக் கத்தரியால் வெட்டி, சிறு காகித உறையில் போட்டு நீட்டிவிடுகிறார். வந்தவருக்கு நேர்ந்திருப்பது உணவுக்குழாயில் ஏறிவரும் அமிலமா, இரைப்பையில் உண்டான புண்ணா, வெறும் உப்புசமா, அல்லது வயிற்றோடு சம்பந்தமே இல்லாத இருதயக் கோளாறா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. வெவ்வேறு உபாதைகளுக்கெல்லாம் ஒரே பரிகாரம் செய்துகொள்ளும் இவ்வழக்கம், பல சமயங்களில் தீங்கின்றிப் போய்விடுவதாலேயே நம்மிடம் வேரூன்றிவிட்டது. தீங்கு விளையும்போதோ அது உயிரைத் தொடும் தீங்காக இருப்பதால்தான் இதை விஸ்தாரமாக எழுத வேண்டியிருக்கிறது.

இரைப்பையில் நாள்தோறும் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் ஊறும் ரசம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்தது. இறைச்சியையே கரைக்கவல்ல அந்த அமிலம் இரைப்பையின் சுவரைக் கரைக்காமலிருப்பதற்குக் காரணம், அச்சுவரின்மேல் படர்ந்திருக்கும் வழவழப்பான சளிப்படலமும், அதனூடே கசிந்துகொண்டிருக்கும் காரப்பொருளும், சில தினங்களுக்கொரு முறை பழையன உதிர்ந்து புதியன முளைக்கும் உயிரணுக்களுமே. இந்த ரசத்தின் செய்கையை மனிதன் கண்ணாரக் கண்ட வரலாறு விசித்திரமானது. 1822ஆம் வருஷம் ஜூன் மாதம், அமெரிக்காவில் மாக்கினாக் என்னும் தீவில், அலெக்ஸி சேன்ட் மார்ட்டின் என்ற இளைஞனின் மேல் தற்செயலாகத் துப்பாக்கி வெடித்து, அவனுடைய வயிற்றைப் பிளந்தது. பிழைக்கமாட்டான் என்று கருதப்பட்ட அவன் பிழைத்தான். ஆனால் இரைப்பைக்குள் நேரே திறக்கும் துவாரம் ஒன்று மூடாமலே நின்றுவிட்டது. அவனுக்குச் சிகிச்சை செய்த ராணுவ வைத்தியர் வில்லியம் போமான்ட், இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் ஆகியவற்றின் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அத்துவாரத்தின் வழியே இறக்கி, மணிக்கணக்கு வைத்து வெளியே இழுத்து, எது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார். அவன் கோபங்கொண்ட சமயங்களில் ஜீரணம் குலைந்ததையும் அவர் கவனித்தார். 1833இல் வெளிவந்த அவருடைய நூல் ஜீரணத்தைப் பற்றிய பழைய அபிப்பிராயங்களைப் புரட்டிப்போட்டது. கூலிக்கு உழைத்த ஓர் ஏழை தன் வயிற்றையே பிறருடைய ஆராய்ச்சிக்குத் திறந்து வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பட்ட சிரமத்தை எண்ணும்போது, வைத்திய சாஸ்திரம் அவனுக்குத் தீராத கடன் பட்டிருப்பதாகவே நான் கருதுகிறேன்.

அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும்வரை உபத்திரவம் இல்லை. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் உள்ள தசை வளையம், உணவை உள்ளே விட்டதும் இறுகிக்கொள்ள வேண்டும். அது தளர்ந்தால், தற்காப்புப் படலமில்லாத உணவுக்குழாயில் அமிலம் மேலேறி, மார்பின் நடுவே எரிச்சலையும் தொண்டையில் புளிப்பையும் உண்டாக்குகிறது. தொந்தி, கர்ப்பம், புகைபிடித்தல், மது, கொழுப்பு மிகுந்த ஆகாரம் இவையாவும் அந்த அமிலம் மேலேறத் துணைபோகின்றன. இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே பாயில் சாய்கிறவருக்கு நள்ளிரவில் நெஞ்சு எரிவதில் ஆச்சரியமில்லை. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுதல், எடையைக் குறைத்தல், இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தல் ஆகியவை பலருக்கு மாத்திரையின்றியே குணமளிக்கின்றன. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து அரையடி உயர்த்துவதும் நல்லது. தலையணைகளை அடுக்கினால் வயிறு மடிந்து அழுந்துமேயன்றிப் பலனிராது. மாத்திரை தேவைப்படுகிறவர்களும் ஒரு விஷயத்தை அறிந்திருக்க வேண்டும்: ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவை, அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய இயந்திரங்கள் உணவின் வரவால் விழித்தெழும் சமயத்தில்தான் அவற்றை அடக்க வல்லவையாதலால், சாப்பாட்டுக்கு அரைமணி முன்னதாக விழுங்கப்படவேண்டும்.

புண்ணின் கதை வேறு. கவலையும் காரமும் பட்டினியுமே வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் வைத்தியர்களே நம்பினார்கள். நோயாளிக்குப் பாலும் கஞ்சியும் விதித்தார்கள். முற்றியபோது இரைப்பையின் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தார்கள். அவ்வளவு தீவிரமான அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழ முடியாது என்பது சித்தாந்தமாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் நிபுணர், 1979 முதல், நோயாளிகளின் இரைப்பைத் திசுக்களில் வளைந்த கிருமிகளைத் திரும்பத் திரும்பக் கண்டார். பாரி மார்ஷல் என்ற இளம் வைத்தியர் அவரோடு சேர்ந்துகொண்டார். அக்கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்க்க அவர்கள் செய்த முயற்சிகள் தோற்றுக்கொண்டே வந்தன. தட்டுகளை இரண்டு நாட்களில் எறிந்துவிடுவது ஆய்வுக்கூடத்தின் வழக்கம். 1982ஆம் வருஷ ஈஸ்டர் விடுமுறையில் யாரும் எடுத்தெறியாமல் தட்டு கூடுதல் நாட்கள் கிடந்துவிட, மெதுவாக வளரும் அக்கிருமி அதில் முளைத்துத் தெரிந்தது. அப்போதும் உலகம் நம்பவில்லை. 1984இல் மார்ஷல், தம் இரைப்பை ஆரோக்கியமாக இருப்பதை முதலில் உள்நோக்குக் குழாயால் நிச்சயப்படுத்திக்கொண்டு, கிருமிகள் கலந்த குழம்பைத் தாமே குடித்தார். சில தினங்களில் குமட்டலும் வாந்தியும் தொடங்கின. மறுபடி குழாய்விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழன்றிருந்தது. புண் என்று சொல்லத்தக்க அளவுக்கு அது முற்றவில்லையாயினும், கிருமி அமிலத்தில் வாழ்ந்து நோய் செய்யும் என்பது ஐயமறத் தெரிந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர் பெற்ற அக்கிருமிக்காக இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆகவே இக்கிருமியால் வந்த புண்ணுக்குச் சிகிச்சை, காலமெல்லாம் அமிலத்தை அடக்கிக்கொண்டிருப்பதன்று, கிருமியை ஒழிப்பதே. மூச்சுப் பரிசோதனையாலோ, மலப் பரிசோதனையாலோ, உள்நோக்குக் குழாயால் எடுத்த திசுவாலோ அதைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டபின், அமிலத்தை அடக்கும் மருந்தோடு, கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் இரண்டையாவது சேர்த்து, சாதாரணமாகப் பதினான்கு நாட்கள் கொடுப்பார்கள். ஐந்தாம் நாளே எரிச்சல் அடங்கிவிட்டதென்று நிறுத்திவிடுகிறவர், மருந்துக்கு மசியாத கிருமியைத் தம் வயிற்றில் வளர்ப்பவராகிறார். இரைப்பைப் புற்றுநோய்க்கும் இக்கிருமி ஒரு காரணமென்று 1994இலேயே உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்திருப்பதால், இந்த அலட்சியம் மன்னிக்கத்தக்கதன்று. மிளகாயைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், அது சிலருக்கு எரிச்சலை அதிகப்படுத்தும், புண்ணை உண்டாக்குவதில்லை.

புண்ணை உண்டாக்கும் இன்னொரு பெரிய காரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. மூட்டுவலிக்காகப் பாட்டிமார் மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் முதலிய மருந்துகள், வலியை எழுப்பும் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருளைத் தடுக்கின்றன. ஆஸ்பிரின் விஷயத்தில் இதை 1971இல் ஜான் வேன் என்ற விஞ்ஞானி நிரூபித்தார். இரைப்பையின் சளிப்படலத்தைக் காத்து நிற்பதும் அதே பொருள்தான். மூட்டில் வலி குறையும்போதே இரைப்பையின் காப்பும் குறைந்துவிடுகிறது. முதியோருக்கு இத்தகைய புண் பல வேளைகளில் நோவே இல்லாமல் வளர்ந்து, திடீரென்று ரத்த வாந்தியாக வெளிப்படுகிறது. நீடித்து இம்மருந்துகளைச் சாப்பிட வேண்டியவர்கள் இரைப்பைக்குக் காப்பாக வேறொரு மருந்தும் தேவையா என்று வைத்தியரைக் கேட்பதும், இருதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடாமலிருப்பதும் அவசியம்.

மலம் தார்போலக் கறுத்துப் போதல், காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் இளைத்தல் ஆகிய இவற்றில் ஒன்று தோன்றினாலும் கடை மாத்திரைக்கு அங்கே வேலையில்லை. அதைக்காட்டிலும் அவசரமானது ஒன்றுண்டு. மார்பின் நடுவே அழுத்தமும், வியர்வையும், மூச்சிரைப்பும், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலியும் மாரடைப்பின் அறிகுறிகள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் இவை தெளிவாகத் தோன்றாமல், வெறும் அஜீரணம் போலவே இருந்துவிடுவதும் உண்டு. ஓமத் தண்ணீரோ சோடாவோ குடித்து ஏப்பம் விட்டதும் சற்றுச் சுகமாயிருக்கிறது என்பதால் இருதயத்தில் கோளாறில்லை என்று ஆகிவிடாது. நேரத்தைக் கடத்தாமல் 108க்குச் சொல்லி அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும், முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும், சில மணி நேரம் அங்கேயே தங்கி, டிரோப்போனின் ரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகே அது வாயுவென்று வைத்தியர் சொல்ல முடியும்.