படித்து முடித்த பின் புத்தகமானவை

அடி அண்ணாமலைக்கு இப்போது புத்தகம் கூரியரில் வருகிறது. இரவு படுக்குமுன் கைபேசியில் பணம் கட்டினால் சில நாளில் ஒரு பையன் கிரிவலப் பாதையில் வண்டியை நிறுத்தி, வீடு எந்தப் பக்கம் என்று போனில் கேட்கிறான். பெரிய கோயிலுக்கு மலையின் மறுபுறம், 14 கிலோமீட்டர் சுற்றில் பாதியைத் தாண்டி நடந்தால் வரும் ஊர் இது. ஆதி அருணாசலேஸ்வரர் இருக்கிறார், மாணிக்கவாசகருக்குத் தனிக்கோயில் இருக்கிறது. அவற்றைச் சுற்றி இன்று தங்கும் விடுதிகளும் டீக்கடைகளும் தெலுங்குப் பெயர்ப்பலகைகளும் இருக்கின்றன. ஊர் மாறியதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதில் ஒரு சிறு பகுதியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். இங்கே ஒரு வீட்டுக்குள் புத்தகம் வந்து சேரும் விதம் தலைகீழாகிவிட்டது.

என் அலமாரியில் நான் படிக்காத புத்தகங்கள் படித்தவற்றைவிட அதிகம். பூமணியின் ‘அஞ்ஞாடி’, சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’, டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த ‘போரும் அமைதியும்’, ஜெயமோகனின் ‘வெண்முரசு’ வரிசையில் சில நாவல்கள் எனத் தடிமனானவை கீழ்த்தட்டில் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் ஆசையோடுதான் வாங்கினேன். சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவு. முன்பதிவு செய்தால் இன்னும் கொஞ்சம் குறையும். சென்னைக்குப் போக முடியாவிட்டாலும் இப்போது குறையில்லை. மாவட்டந்தோறும் அரசு புத்தகத் திருவிழா நடத்துகிறது, திருவண்ணாமலையிலும் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து கையிலிருக்கும் சில்லறைக்கு ஏற்ற புத்தகத்தைத் தேடுவதைப் பார்த்தால் மனம் நிறைகிறது. அந்த நிறைவில் நானும் ஒரு பை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

எங்கள் வீட்டுப் பழைய மரப்பெட்டியில் இருந்த புத்தகங்கள் வேறு வகை. அவற்றில் கடையில் வாங்கியவை சொற்பம். மற்றவை வாரப் பத்திரிகைகளில் இருந்து பிரித்துத் தைத்தவை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தது. அப்பா ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கங்களை எடுத்து அடுக்கி வைத்திருக்கிறார். உடனே எடுத்துவிட முடியாது. இதழ் முதலில் எங்கள் வீட்டில் படிக்கப்பட வேண்டும். பிறகு பக்கத்து வீடு, அதற்கடுத்து கோயில் தெருவில் இரண்டு வீடு என்று சுற்றித் திரும்பி வர வேண்டும். அதற்குள் மூலைகள் மடிந்து, எண்ணெய் விரல் பட்டிருக்கும். பாகம் முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, காய்ச்சிய பசை தடவி, கெட்டி அட்டை போட்டு, மேலே கனமான கல்லை வைத்துக் காயவிடுவார். சில வாரப் பக்கங்கள் கிடைக்காமல் போயிருக்கின்றன. அந்த இடங்களில் அவர் கையால் எழுதிய தாள்கள் இருக்கின்றன.

ஆகவே அப்படித் தைத்தவற்றில் படிக்காத புத்தகம் என்று ஒன்று இருக்க வழியே இல்லை. பலர் படித்து முடித்ததால்தான் அது புத்தகமானது. முதலில் வாசிப்பு, பிறகு தையல், கடைசியில் பெட்டி. இன்று அலமாரி முதலில் நிரம்புகிறது. வாசிப்பு அதற்குப் பின்னால் வர வேண்டியிருக்கிறது.

இதை யோசித்துப் பார்த்தபோது, இந்த மலையில் நூறாண்டுகளுக்கு முன் நடந்த சில வாசிப்புகளும் இதே வரிசையில்தான் நடந்திருப்பது புரிந்தது. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து இறங்கிய பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்டவர், அதற்கு முன் ஆர்வமாகப் படித்த சமய நூல் பெரியபுராணம் ஒன்றுதான். அதுவும் வீட்டுக்கு இரவலாக வந்த பிரதி. இங்கே அவருக்குத் துணையாக வந்த பழனிசாமி மலையாளி. அவர் தமிழ் நூல்களை ஊரில் இரவல் வாங்கி வந்து, எழுத்துக் கூட்டித் தடுமாறிப் படிப்பார். அவர் படும் பாட்டைப் பார்த்துத்தான் ரமணர் அந்த நூல்களை வாங்கிப் படித்து அவருக்குப் பொருள் சொன்னார். தனக்கென்று படிக்கத் தேவையில்லாத ஒருவர், படிக்க முடியாத ஒருவருக்காகப் படித்தார்.

அடுத்து வந்தவர் கம்பீரம் சேஷய்யர். திருவண்ணாமலை நகராட்சியில் ஓவர்சியர். விவேகானந்தரின் யோகச் சொற்பொழிவுகள், ராமகீதை என்று அவரிடம் நல்ல புத்தகங்கள் இருந்தன. ஆனால் உள்ளே புக முடியவில்லை. அவர் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு விருபாட்சி குகைக்கு ஏறிவிட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை; படித்துப் பார்த்து, சாரத்தைத் துண்டுத் தாள்களில் எழுதிக் கொடுத்தார். சேஷய்யர் சந்தேகம் கேட்க, இன்னும் தாள்கள். 1900 முதல் 1902 வரை இப்படிச் சேர்ந்த விடைகளை அவர் ஒரு நோட்டில் பெயர்த்து எழுதி வைத்தார். பின்னாளில் அதுதான் ‘விசார சங்கிரகம்’ என்று அச்சானது. வீட்டில் படிக்க முடியாமல் கிடந்த சில புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மலை ஏறியதால் தமிழுக்கு ஒரு நூல் கிடைத்திருக்கிறது.

அன்று எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் மாவட்டத்தில் திரௌபதியம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட ஒரு பெரிய நூலின் கதை முழுவதையும் ஒரு கிராமம் சேர்ந்து கேட்டு முடிக்கும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. பெண்களுக்கும் சேரியில் இருந்தவர்களுக்கும் எழுத்தைத் தெரிந்துகொள்ள விடவில்லை. கேட்பது மட்டுமே அவர்களுக்கு விட்டுவைக்கப்பட்ட வழி. இன்று அவர்கள் வீட்டுப் பிள்ளை புத்தகத் திருவிழாவில் தன் பணத்தில் ஒரு புத்தகம் வாங்குகிறாள். அதை அவள் இந்த வருஷம் படிக்காவிட்டாலும் போகட்டும். வீட்டில் புத்தகம் இருப்பதே அந்தக் குடும்பத்துக்கு ஒரு வெற்றி. படிக்காத புத்தகத்தை எண்ணிக் குற்ற உணர்ச்சி கொள்ளச் சொல்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றும் படிக்காத அலமாரிகள் இருந்தன. அவை மடங்களில் இருந்தன. 1880 அக்டோபர் 21ஆம் தேதி கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர், அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா என்று நீளமாக அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்தீர்களா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்தீர்களா என்றார். ஐயர் படிக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அவர்; அவர் பழகிய திருவாவடுதுறை மடத்திலேயே சிந்தாமணிச் சுவடி கிடந்தது. சொந்த வீட்டு அலமாரி போலப் பழகிய இடத்தில் எடுத்துப் பார்க்காத புத்தகம். முதலியார் கொடுத்த பிரதியில் தொடங்கிய அந்த வாசிப்பு 1887இல் அச்சாகி முடிந்தது. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. தமிழன் தன் பரணில் இருந்ததைத் தானே படிக்கத் தொடங்கிய கதை இது.

அந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப நிற்கும் இடம் ஒன்று உண்டு. சிந்தாமணி சமண நூல். சமயச் செய்திகள் பிடிபடாமல் ஐயர் திணறுகிறார். கும்பகோணத்திலேயே சமணர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர்கள் தெருவுக்குப் போகிறார். ஒரு வீடு விழாக்கோலத்தில் இருக்கிறது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், அங்கே சிந்தாமணி வாசித்து வந்தார்களாம், அன்று பூர்த்தியாம். ஊரெல்லாம் யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்த நூலை, சில தெருக்கள் தள்ளி மாதக்கணக்கில் உட்கார்ந்து வாசித்து, முடித்த நாளைப் பண்டிகையாகக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். நயினார்கள் என்று நாங்கள் அழைக்கும் இந்தச் சமணர்கள் எங்களுக்கு அந்நியர் இல்லை. போளூர் பக்கத்துத் திருமலையில் அவர்கள் கோயிலும் மடமும் உள்ளன. எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் அவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். புத்தகம் முடிந்ததற்குத் தோரணம் கட்டிய மக்கள் இவர்கள் என்று நினைத்தால் எனக்கு அந்தக் கிராமங்களின் மேல் தனி மரியாதை வருகிறது.

ஒரு நூல் முடிந்ததைக் கொண்டாட நமக்கு இன்று ஒரு வழக்கமும் இல்லை. வாங்கியதைக் கொண்டாடுகிறோம். பையைத் திறந்து, அடுக்கி, படம் எடுத்து அனுப்புகிறோம். முடித்ததை யாரிடமும் சொல்வதில்லை.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது வேறு விதமாகச் செய்து பார்க்கிறோம். முதலில் எடுத்தது உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்து, 1942இல் அவர் மறைந்ததால் முடிவு பெறாமல் நின்ற நூல். வாரத்துக்கென்று எழுதியதால் அத்தியாயங்கள் சிறியவை, வாய்விட்டுப் படிக்க வாகானவை. விளக்கு வைத்தபின் கூடத்தில் உட்கார்ந்து நான் படிப்பேன். அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. காது நன்றாக இருக்கிறது. முதல் நாள் மரியாதைக்கு உட்கார்ந்தார். பிள்ளையவர்களிடம் பாடம் கேட்கப் போகும் இடம் வந்ததும் சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்துவிட்டார். நான் நிறுத்தினால் “அப்புறம் இன்னா ஆச்சு, படிப்பா” என்பார். நாளைக்கு அத்தை என்றால், “நாளைக்கு யாரு கண்டது, இன்னொண்ணு படி” என்பார். தனியாக இருந்தால் நான் பல தடவை மூடி வைத்திருப்பேன். அவருடைய அந்தக் கேள்விதான் தடித்த புத்தகத்தைக் கடைசிவரை கொண்டுபோயிற்று.

படித்து முடித்ததும் கடைசித் தாளில் முடித்த நாளையும், படித்தவர், கேட்டவர் பெயரையும் எழுதுகிறோம். இது நான் கண்டுபிடித்தது அல்ல. ஏடு எழுதியவர்கள் கடைசி ஓலையில் எழுதி முடித்த நாளையும் தம் பெயரையும் பொறித்து வைத்தார்கள். ஒரு நூல் வேண்டுமென்றால் அதை ஒவ்வோர் எழுத்தாக எழுதியாக வேண்டிய காலம் அது. எழுதி முடித்தவன் படித்தும் முடித்திருப்பான். நாம் எழுத வேண்டாம், கையெழுத்தாவது போடலாமே என்றுதான்.

எல்லாவற்றையும் இப்படிப் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். அகராதிகள், ம.வீ. இராமானுஜாசாரியார் வெளியிட்ட கும்பகோணம் பதிப்பு மகாபாரதம் போன்றவை கேள்வி வரும்போது புரட்ட வேண்டியவை. அவற்றைப் படிக்காதவை என்ற கணக்கிலேயே நான் சேர்ப்பதில்லை. பத்துப் பக்கத்தில் எனக்கும் கேட்பவருக்கும் ஒட்டாத புத்தகத்தை அதைக் கேட்டு வருபவருக்குக் கொடுத்துவிடுகிறேன். சிலவற்றை நூலகத்துக்குக் கொடுத்தேன். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்ததால் நம் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம்; அந்தக் கிளை நூலகங்களில் இருக்கும் ஒரு வசதி என் அலமாரியில் இல்லை. அங்கே புத்தகத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் தேதி உண்டு. இரவல் புத்தகத்தை நாம் படித்துவிடுவதும், சொந்தப் புத்தகம் காத்துக்கிடப்பதும் அந்தத் தேதியால்தான். பழனிசாமி கொண்டுவந்தவையும் இரவல்தான்.

இன்றைய காலத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லாததற்கு இன்னொரு காரணம், கேட்கும் வழக்கம் புது வழியில் திரும்பி வந்திருப்பது. திருவண்ணாமலைக்காரர் பவா செல்லதுரை, பிறர் எழுதிய சிறுகதைகளையும் நாவல்களையும் வெறும் குரலில் சொல்லிக் கூட்டம் சேர்த்தார். அந்தக் குரல் யூடியூப் வழியாக உலகம் முழுக்கப் போயிற்று. கேட்டவர்கள் அந்தப் புத்தகங்களைத் தேடிப் போகிறார்கள். அதே ஊரில் வம்சி புக்ஸ் பதிப்பகமும் இருக்கிறது. கிரிவலம் நடக்கிறவர்களில் எத்தனையோ பேர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கதை கேட்டபடி எங்கள் ஊரைக் கடக்கிறார்கள். சூழ உட்கார்ந்து கேட்டதைத் தனித்தனியாக நடந்து கேட்கிறார்கள். கேட்பது என்னவோ நிற்கவில்லை.

மார்கழியில் மட்டும் எங்கள் ஊரில் ஒன்றும் மாறவில்லை. திருவெம்பாவையை மாணிக்கவாசகர் இந்த மலையைச் சுற்றி வரும்போது பாடினார் என்பது ஐதீகம். அதிகாலையில் இருபது பாட்டையும் பாடி முடிப்பார்கள். புத்தகத்தைப் பார்த்துப் பாடுபவர் குறைவு.

‘என் சரித்திரம்’ முடிந்த அன்று அத்தை பாயசம் வைக்கச் சொன்னார். நயினார் வீட்டுப் பூர்த்தியைப் படித்துக் காட்டியபோதே அதை முடிவு செய்துவிட்டாராம். இப்போது ‘அஞ்ஞாடி’ நடக்கிறது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். கரிசல் பேச்சு என் நாக்குக்குப் பழகக் கொஞ்சம் நாளாயிற்று. கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்தால் என்னைவிட நன்றாகப் படிக்கிறாள். ‘போரும் அமைதியும்’ தன் முறை என்று சொல்லி, அதை எடுத்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டாள். அதில் வரும் ருஷ்யப் பெயர்களை அத்தைக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது என்று ஒரு தாளில் குடும்பம் குடும்பமாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.