வேவுக்கு வேவு, ஒரு படி மட்டும்

ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் டிவியும் தயாராகிறது. அந்நிறுவனத்தின் ஸ்மார்ட் டிவிகளில் ஓடும் டைசன் மென்பொருளுக்கு அடித்தளம் லினக்ஸ் கெர்னல். ஆண்ட்ராய்டு போனுக்கும் அதுவே. ஓடுகிற கெர்னலை நிறுத்தாமலே உள்ளே நடப்பதைப் பார்க்க ஈபிபிஎஃப் எனும் சிறு நிரல்கள் உண்டு. ஒரு ஃபங்ஷனின் நுழைவாயிலில் மாட்டுவது எஃப்என்ட்ரி, வெளிவாயிலில் மாட்டுவது எஃப்எக்ஸிட். 2020 ஜனவரியில், லினக்ஸ் 5.5-இல் இந்த வேவு நிரல்கள் வந்தன.

கெர்னல் ஃபங்ஷன் மீது மட்டுமல்ல, இன்னொரு ஈபிபிஎஃப் நிரல் மீதும் இவற்றை மாட்டலாம். இரண்டு வேவு நிரல்கள் ஒன்றையொன்று வேவு பார்த்தால்? முதலாவது ஓட, இரண்டாவது எழும். இரண்டாவது எழ, மறுபடி முதலாவது. இந்தச் சுழல் முடிவின்றி நீள, ஒவ்வொரு அழைப்பும் ஸ்டாக் எனும் நினைவகத்தில் இடம் பிடிக்கும். கெர்னல் ஸ்டாக்கோ வழக்கமாக 16 கிலோபைட்தான். ஆகவே, வேவு நிரல்மேல் வேவு நிரலை மாட்டவே கூடாது என்று தடை போட்டார்கள்.

தடைக்கும் விலை இருந்தது. ஃபால்கோ போன்ற பாதுகாப்புக் கருவிகளில் வேவு நிரலுக்குள்ளேயே ஏகப்பட்ட வேலை. அது எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது என்று அளக்க எஃப்என்ட்ரியும் எஃப்எக்ஸிட்டும் உதவும்; தடை அதற்குக் குறுக்கே நின்றது.

கெர்னலுக்கு டிமித்ரி டோல்கோவ் எழுதிய திருத்தம், 2024 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 6.8-இல், இந்தத் தடையைத் தளர்த்தியது. அதன் வாதம் எனக்குப் பிடித்தது: சுழல் உண்டாகவே வழியில்லை. ஒரு வேவு நிரலை ஏற்றும்போதே அதன் இலக்கைச் சொல்லிவிட வேண்டும். இனிமேல்தான் ஏறப்போகும் நிரலை இலக்காகச் சொல்ல முடியாது. இது அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது போலத்தான்: ஒரகடத்து உதிரிபாக ஆலைகளில் கேஜைச் சரிபார்க்க மாஸ்டர் கேஜ், மாஸ்டரைச் சரிபார்க்க ஆய்வகம், அதற்கும் மேலே டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் என்று போகும். மேலே உள்ளது கீழே உள்ளதிடம் சான்று வாங்க வராது. இங்கே அந்தப் படிவரிசையை வகுப்பது எந்த நிரல் முந்தி ஏறியது என்பதுதான்.

ஆனாலும் அனுமதித்தது ஒரே ஒரு படி. வேவு நிரல்மேல் மாட்டிய நிரலுக்கு ஒரு அடையாளக் கொடி விழும். கொடி விழுந்ததன்மேல் இன்னொரு வேவு நிரலை மாட்ட முடியாது. அளப்பதற்கு ஒரு படி போதும். இந்தச் சிக்கனம் நியாயமானதே. சுழலே இல்லாவிட்டாலும் சங்கிலி நீண்டால் ஸ்டாக் தாங்காது. எக்ஸ்டென்ஷன் எனும் மாற்று நிரல்களை எஃப்என்ட்ரிமேல் மாட்டக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

அந்த எக்ஸ்டென்ஷன்களுக்கு மட்டும் ஏறிய பிறகும் புது இலக்கு கொடுக்கலாம். வேவு நிரல்களுக்கும் அந்தச் சலுகையைத் தர நினைப்பவர் கொடியைக் கையாளும் முறையையும் மறக்காமல் மாற்ற வேண்டும் என்று நிரல்வரிகளுக்கு நடுவிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்.