பசு போடும் கன்று கிடேரிதான் என்று முன்பே முடிவு செய்ய முடியுமா?

மாடு கன்று போட்டதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: கிடேரியா, காளையா? கிடேரி என்றால் சில வருஷத்தில் பால் வரும். காளை என்றால்? உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. சினைக்கு ஊசி வந்துவிட்டது. பல மாநிலங்களில் காளையை வெட்டத் தடை, அதனால் வாங்க ஆளில்லை. தீனி போட்டுக் கட்டுப்படியாகாமல் ராத்திரியோடு ராத்திரியாக அவிழ்த்து விட்டுடுறாங்க. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கத் தெருவில் திரிந்தவை சுமார் 50 லட்சம் மாடுகள். உத்தரப் பிரதேசத்தில் இது தேர்தல் பிரச்னையாகவே ஆனது.

ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் திட்டத்தில் ஒன்றிய அரசு இதற்கு முன்வைக்கும் வழி, பாலினம் பிரித்த உறைவிந்து.

சரி, எப்படிப் பிரிக்கிறாங்க? பெண் கன்றைத் தரும் எக்ஸ் விந்தணுவில், ஆண் கன்றைத் தரும் ஒய் விந்தணுவைவிட டிஎன்ஏ சுமார் 4% அதிகம். டிஎன்ஏவில் ஒட்டும் ஒரு சாயத்தை ஏற்றி லேசர் ஒளியில் ஓடவிட்டால், எக்ஸ் கொஞ்சம் கூடுதலாக ஒளிரும். அதை வைத்து ஒவ்வொரு அணுவாகப் பிரித்துவிடலாம். இந்த ஊசியில் சினை பிடித்தால் சுமார் 90% கிடேரிதான்.

அந்த 'பிடித்தால்' என்பதில்தான் சிக்கலே. சாதாரணக் குச்சியில் சுமார் 2 கோடி விந்தணு இருக்கும். இதில் பொதுவாக 20 லட்சம்தான். சாயம், லேசர் என்று அடிபட்டு வந்ததால் அவற்றுக்கு ஆயுளும் குறைவு. சினை பிடிக்கவில்லை என்றால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்கணும். அத்தனை நாள் தீனிச் செலவும் மாட்டுக்காரர் தலையில்.

2024 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் வாசிமில் பிரதமர் மோதி தொடங்கி வைத்த உள்நாட்டுத் தொழில்நுட்பம், ஒரு டோஸுக்குச் சுமார் 200 ரூபாய் குறைக்கும் என்கிறது அரசு. தமிழ்நாடு உட்பட 5 மாநில அரசு விந்து நிலையங்களிலும் உற்பத்தி வசதி உண்டு. விலை குறைவது நல்லதுதான். ஆனால், மாட்டுக்காரருக்கு அதைவிடப் பெரிய கணக்கு அந்த 21 நாள். தவிர, தெருவில் நிற்பவை காளைகள் மட்டுமல்ல. பால் வற்றியதும் கைவிடப்பட்ட பசுக்களும்தான். அவற்றுக்கு இந்த ஊசி எதுவும் செய்யாது.

ஊரில் அப்பா அம்மா மாடு வளர்க்கிறார்களா? இந்த ஊசிக்கு நல்ல உடல்நிலையில், ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் இளம் கிடேரிதான் தோது. இரண்டு, மூன்று முறை ஊசி போட்டும் நிற்காத மாட்டுக்கு இது வேண்டாம். காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் சாயங்காலம், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை என்பது சாதாரண ஊசிக்கான வழக்கம். இதற்கு அதைவிடச் சற்றுத் தாமதமாகப் போடலாமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.