வயசுப் பிள்ளைக்கும் ஆஸ்பத்திரியில் இடம் உண்டு!

ஆஸ்பத்திரி என்றாலே காய்ச்சலுக்கும், பிரசவத்துக்கும்தான் என்று நினைக்கிறோம். வயசுக்கு வந்த பெண்ணை அங்கே அழைத்துப் போனால், 'என்னடி விசேஷம்?' என்று தெருவே கேட்கும். அதற்குப் பயந்தே பல அம்மாக்கள் போவதில்லை.

10 முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கென்றே, 2014ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. அதன்படி, அரசு மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தினருக்குத் தனியாக ஆலோசனை தர வேண்டும். மாதவிலக்கு வலி, ரத்தசோகை, மனக்குழப்பம், ஆண் - பெண் பழக்கம் என எதையும் கேட்கலாம். ரகசியம் காக்க வேண்டும் என்பது விதி. பையன்களும் போகலாம், அவர்களுக்கும் புத்தி சொல்ல ஆள் வேண்டாமா?

'இதெல்லாம் சொல்லிக் கொடுத்தா, பிள்ளை கெட்டுப் போயிடாதா?' என்கிறார் என் ஓரகத்தி. சொல்லாமல் விட்டதால் மட்டும் என்ன ஆச்சு? 2019 - 21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில், 100க்கு ஆறு பேர் தாயாகியிருந்தனர் அல்லது கர்ப்பமாக இருந்தனர். இதில் பலர், நாமே அவசரப்பட்டுக் கட்டிக் கொடுத்த பெண்கள்தான். உடம்பு முழுசாக வளராத வயதில் பிரசவம் என்றால் ரத்தசோகை, ஜன்னி, எடை குறைந்த குழந்தை என்று ஆபத்து அதிகம்.

தப்பித் தவறி ஒரு பெண்ணுக்கு அப்படி ஆகிவிட்டால், மானத்துக்குப் பயந்து கண்ட மாத்திரையும், நாட்டு மருந்தும் கொடுத்து உயிரோடு விளையாடாதீர்கள். கருக்கலைப்புக்கு வரும் 18 வயதுக்கு உட்பட்ட பெண்ணும், அவளது பெற்றோரும் கேட்டுக் கொண்டால், போலீசுக்குத் தகவல் தரும்போது அவள் பெயர், அடையாளத்தை மருத்துவர் சொல்லத் தேவையில்லை என்று, 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துள்ளது. இதைத் தெரிந்து வைத்திருந்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

சின்ன வயதில் கல்யாண ஏற்பாடு நடப்பது தெரிந்தால், 1098க்கு போன் செய்யலாம். பெண்ணைப் படிக்க வைப்பது அதை விடப் பெரிய காவல். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், 2022ல் வந்ததும் அதற்காகத்தான்.

எங்கள் ஊர் கலியுக வரதராஜப் பெருமாள் கோவில் தேருக்குப் பெண்ணைச் சிங்காரித்துக் கூட்டிப் போகிறோம். அதே கையைப் பிடித்து, ஒருநாள் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்களேன். தெரு கேட்டால், 'ரத்தம் டெஸ்ட் பண்ணத்தான்' என்று தைரியமாகச் சொல்லுங்கள் தோழியரே!

- ஒரு வாசகி, கல்லங்குறிச்சி, அரியலூர் மாவட்டம்.