கல்லாப் பெட்டியும் கடுகு டப்பாவும்

சரக்கு, விலை, வரி என்று எழுதிவந்த நாம் இம்முறை கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. வீட்டு விஷயத்தைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்பவர்கள் கீழே உள்ளதைப் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

திருப்பாதிரிப்புலியூரில் நம்மிடம் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சரக்கு எடுத்துவந்த ஒரு மளிகைக் கடைக்காரர், சென்ற ஆண்டு நெஞ்சுவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஊர் பெயர் வேண்டாம்; பண்ருட்டிச் சாலையில் உள்ள ஒரு கிராமம். கருமாதி முடிந்த நான்காம் நாள் அவர் மனைவி தம் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நம் கடைக்கு வந்தார். "அண்ணே, உங்களுக்கு நாங்க எவ்வளவு தரணும்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பேரேட்டைத் திருப்பிக் காட்டினோம். 1,84,000 ரூபாய். அந்த அம்மாள் சிறிது நேரம் பேசவேயில்லை. "யாருக்கும் ஒத்தப் பைசா பாக்கி இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரே" என்றார் பிறகு.

நமக்கு முன்பே ஏழு பேர் அந்த வீட்டுப் படியேறிவிட்டார்கள். மூன்று பேரிடம் எழுத்து இருந்தது. மற்ற நால்வரும் வாய்க்கணக்குக்காரர்கள். அவர்கள் சொன்னது மெய்யா, இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் போய்விட்டார். அவருக்கு ஊரில் வரவேண்டியதும் நிறைய இருந்தது. அதையெல்லாம் சட்டைப்பை நோட்டில் தலையெழுத்து மட்டும் போட்டுக் குறித்து வைத்திருந்தார். "கி.வீ. 4", "மே. தெரு 11½" என்றிருந்தால் கிழக்கு வீட்டுக்காரர் எந்தக் கிழக்கு வீட்டுக்காரர், நான்கு என்பது நானூறா நாலாயிரமா என்று யாருக்குத் தெரியும்? கேட்கப் போனால் அநேகர் கையை விரித்துவிட்டார்கள்.

கடன் வந்த வழியைப் பிறகுதான் சேர்த்துப் பார்த்தோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அதில் கூரை பறந்து சரக்கு நனைந்தது. அந்த நஷ்டத்தை வீட்டில் பாதிதான் சொல்லியிருக்கிறார். மீதிக்குக் கைமாற்று; கைமாற்றை அடைக்கத் தண்டல். 2015 வெள்ளம், 2020 ஊரடங்கு என்று ஒவ்வொன்றும் மேலே ஒரு அடுக்கு வைத்தது. தண்டல் கணக்கு நம்மவர்களுக்குத் தெரிந்ததே. பத்தாயிரம் என்று பெயர், கையில் கொடுப்பது எட்டாயிரத்து ஐந்நூறு, நாளொன்றுக்கு நூறாக நூறு நாள் கட்ட வேண்டும். முதல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதையும் கணக்கில் எடுத்துப் பாருங்கள். ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டி நிற்கும்.

நம் மனத்தை உறுத்தியது இதுவல்ல. அந்த அம்மாள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த அறுபதாயிரம் ரூபாயைப் பிரித்து நம் மேசைமேல் வைத்தார். பல ஆண்டுச் சிறுவாடும், எடுத்த ஒரு சீட்டும் சேர்ந்த பணம். கணவருக்குத் தெரியாது. சொன்னால் சரக்கில் போட்டுவிடுவார், பெண்ணின் கல்யாணத்துக்கு இருக்கட்டும் என்று வைத்திருந்தாராம். அவர் தண்டலுக்கு நாள்தோறும் நூறு நூறாகக் கட்டிக்கொண்டிருந்த அதே மாதங்களில், அதே கூரையின்கீழ், அரிசிப் பானைக்கு அடியில் இந்த அறுபதாயிரம் வட்டியில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. இவர் சொல்லியிருந்தால் அவர் கொடுத்திருப்பார் என்றே நாம் நம்புகிறோம்.

ஆண்கள் ஏன் மறைக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. வீட்டில் சொன்னால் மாமனார் வீட்டுக்குப் போகும், அங்கிருந்து கடைத்தெருவுக்கு வரும், வந்தால் லோடு நின்றுவிடும் என்ற பயம் உண்டு. மொத்த வியாபாரிகளாகிய நாமும் அதற்குக் காரணம்தான். ஒருவர் கை தளர்ந்தார் என்று காதில் விழுந்தால் அடுத்த சிட்டையில் பாதிச் சரக்கைக் குறைக்கிறோம். அவள் கவலைப்படுவாளே என்ற அன்பும் சிலரிடம் உண்டு. பெண்கள் மறைப்பதற்கும் நியாயம் இருக்கிறது. கடை என்பது எவ்வளவு போட்டாலும் விழுங்கும் வாய். நம் ஊர்ப் பாடலீசுவரர் கோயில் தலபுராணத்தில் அம்பிகை விளையாட்டாக இறைவன் கண்களைப் பொத்த, உலகமே இருண்டது. அது தீர இங்கே வந்து தவம் செய்ய நேர்ந்தது என்பார்கள். விளையாட்டாகப் பொத்தியதற்கே அந்தப் பாடு.

இருபக்கத்து மறைவையும் ஒரே தராசில் வைக்க நாம் தயாரில்லை. சிறுவாடு என்பது சேமிப்பு. வெளியே வரும் நாளில் குடும்பத்துக்கு வரவு. மறைத்த கடன் வெளியே வரும் நாளில் செலவு, அதுவும் வட்டியோடு. சிறுவாடு எவ்வளவு பெரியது என்று நாடே பார்த்தது 2016இல்தான். நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும், கடுகு டப்பாவிலும் புடவை மடிப்பிலும் இருந்தவை டிசம்பர் 30க்குள் வங்கிக்குப் போயாக வேண்டியிருந்தது. எத்தனையோ வீடுகளில் மனைவி கணவன் முன் தலைகுனிந்து நோட்டுகளை நீட்டியதும், கணவன் வாயடைத்து நின்றதும் அந்த ஐம்பது நாளில்தான். நம் வீட்டிலும் எழுபத்திரண்டாயிரம் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னாலிருந்து வந்தது. நாமும் வாயடைத்துத்தான் நின்றோம். இல்லத்தரசிகள் செலுத்தும் 2½ லட்சம் வரை கேள்வி கேட்கப்படாது என்று அரசு சொல்லியிருந்தது. அப்படியும் குவாலியரைச் சேர்ந்த ஓர் இல்லத்தரசி செலுத்திய 2,11,500 ரூபாயை வரி அதிகாரிகள் வருமானத்தில் சேர்த்துவிட்டனர். குடும்பச் செலவில் மிச்சம் பிடித்த பணம் என்ற அவருடைய விளக்கத்தை ஏற்று, அதை வருமானமாகக் கொள்ளக்கூடாது என்று வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆக்ரா அமர்வு 2021 ஜூனில் தீர்ப்பளித்தது. அந்தச் சமயத்துக்கு மட்டும் பொருந்தும் தீர்ப்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் 21 அன்று இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கணவர் 1983 முதல் 1994 வரை சவூதி அரேபியாவில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்துகள் யாருக்கு என்ற வழக்கு அது. ஊர் திரும்பியவர் மனைவி எல்லாவற்றையும் தம்முடையதாக்கிக்கொள்கிறார் என்று 1995இல் நீதிமன்றம் போனார். அவர் இறந்த பிறகு பிள்ளைகள் நடத்தினார்கள். வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அவருக்கும் சரிபாதி உரிமை உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். கடையில் பொட்டலம் கட்டுவது, மத்தியானம் நாம் சாப்பிடப் போனால் கல்லாவில் உட்காருவது, லைன் வண்டிக்காரரிடம் சரக்கு எண்ணி வாங்குவது எல்லாம் செய்யும் நம் வீட்டுப் பெண்களுக்கு அந்த நியாயம் எத்தனை மடங்கு பொருந்தும்!

நகை விஷயத்துக்கு வருவோம். மனைவியின் நகையை அடகு வைத்துச் சரக்கு எடுக்காத கடைக்காரர் நம்மில் குறைவு. வணிகன் கோவலன் எல்லாம் தொலைத்துவிட்டு வந்து நின்றபோது கண்ணகியிடம் மிஞ்சியிருந்த சிலம்புதானே புது முதலாக இருந்தது? ஆனால் சட்டப்படி அது அவர்கள் சொத்து. கேரளத்துத் தம்பதியர் வழக்கு ஒன்றில் மனைவியின் 89 சவரன் நகை கணவர் வீட்டாரின் கடனுக்குப் போய்விட்டது. சீதனம் மனைவிக்கு மட்டுமே உரியது, இக்கட்டில் எடுத்துப் பயன்படுத்தினால் கணவன் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்று சொல்லி, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. அடகு ரசீதைக் கடை நோட்டுக்குள் ஒளித்து வைப்பவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம்.

இன்னொரு பழக்கம் நம்மிடம் உண்டு. "இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று வங்கிக் கடன் காகிதத்தைச் சமையலறை வாசலில் நீட்டுவது. அது பெரும்பாலும் ஜாமீன் கையெழுத்து. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி, கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் பொதுவாக அவ்வளவு பொறுப்பு. கையெழுத்துப் போடாத மனைவியின் நிலை வேறு. கணவன் விட்டுச்சென்ற சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் அவன் கடனுக்கு வாரிசுகள் பொறுப்பு. அவள் சொந்த நகையையும் தாய்வீட்டு நிலத்தையும் தொட முடியாது. நம்மிடம் வந்த அம்மாளுக்கு இதைச் சொன்னவர் யாருமில்லை. வாய்க்கணக்குக்காரர் இருவருக்குத் தோட்டை விற்றுக் கொடுத்திருந்தார்.

அடுத்து எழுதுவது மொத்த வியாபாரி ஒருவர் எழுதக்கூடாதது என்று சிலர் வருத்தப்படலாம். 1874ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 6ஆவது பிரிவின்படி ஒருவர் தம் உயிர்மீது மனைவி மக்கள் நன்மைக்கென்று குறிப்பிட்டு எடுக்கும் காப்பீடு அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்தாகிவிடும். அவருடைய கடன்காரர்கள், நம்மையும் சேர்த்துத்தான், அதில் கை வைக்க முடியாது. கடன்காரரை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபித்தால் கட்டிய பிரீமியத்தை மட்டும் கேட்கலாம். இந்துக்களுக்கு இந்தப் பிரிவு சென்னை மாகாணத்தில் 1913 டிசம்பர் 31க்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கே பொருந்திற்று. மற்ற மாகாணங்களுக்கு 1923 ஏப்ரலில்தான் வந்தது. நூறாண்டுக்கு மேலாக நம் கையில் இருக்கும் வசதியை நம் கடைக்காரர்களில் எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள்? விண்ணப்பம் கொடுக்கும்போதே அதற்குரிய படிவத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பாலிசி எடுத்த பிறகு சேர்க்க முடியாது. நம் பாக்கி வராமல் போனாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளைகள் படிக்கட்டும் என்பதே நம் எண்ணம்.

வங்கியில் போட்டுவிட்டு வீட்டில் சொல்லாத பணத்தின் கதியையும் சொல்லிவிடுகிறோம். பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வைப்புத் தொகை ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடுகிறது. 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் அப்படி மாற்றிய தொகை 35,012 கோடி ரூபாய். வாரிசுகள் கேட்டுப் பெறலாம். தேடிப் பார்க்க 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தையும் ரிசர்வ் வங்கி தொடங்கியது. ஆனால் கணக்கு இருப்பதே தெரியாதவர் எங்கே தேடுவார்? 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமையுடையவர்தான், பங்கு வாரிசுகளுக்கு உரியது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லியிருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இப்போது கடை வரவில் பெரும்பகுதி கியூ.ஆர். அட்டை வழியே கடைக்காரர் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்குப் போகிறது. அவர் போனால் மறுநாள் கொள்முதலுக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும், எவர் ஒருவரும் அல்லது பின்னிருப்பவரும் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டோடு ஒரு கணக்காவது வைத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவும் அவ்வாறே: வாரிசு தம் பெயரில் புதிதாகப் பதிந்துகொண்டு, மீதமுள்ள உள்ளீட்டு வரி வரவை ஐ.டி.சி.-02 படிவத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கும் பழைய எண்ணும் கடவுச்சொல்லும் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2016க்குப் பிறகு நாம் செய்துவருவது எளிது. அமாவாசைக்குக் கடை சீக்கிரம் அடைக்கும் இரவில், கொடுக்க வேண்டியது, வரவேண்டியது, வட்டி, அடகு, சீட்டு எல்லாவற்றையும் நாம் வாசிக்க நம் வீட்டில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். முதல் இரவில் சண்டைதான் வந்தது. ஒரு வாரம் பேச்சில்லை. மூன்றாம் மாதம், "இவருக்கு ஏன் இன்னும் கடன் கொடுக்கிறீங்க, ஆறு மாசமா ஒரு வரவும் இல்லையே" என்று ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினார்கள். சரியாகத்தான் இருந்தது. அவர்களுடைய கடுகு டப்பா அந்த நோட்டில் வராது; அதை நாம் கேட்பதுமில்லை. கேட்காமலே, 2020இல் கடை நாற்பது நாள் முடங்கியபோது அதிலிருந்து கூலிக்காரர்களுக்குப் பணம் வந்தது.

பண்ருட்டிச் சாலைக் கடையை அந்த அம்மாள் மூடவில்லை. அன்று கொண்டுவந்த அறுபதாயிரத்தை நாம் வாங்கிக்கொள்ளவில்லை. தண்டலை முதலில் முடியுங்கள் என்று திருப்பிக் கொடுத்தோம். நம் பாக்கிக்கு மாதம் ஐயாயிரம் என்று பேச்சு. கல்லாவுக்கு மேலே ஆணியில் ஒரு நீளநோட்டு தொங்குகிறது. பெயர் முழுதாக, தொகை எண்ணாலும் எழுத்தாலும், தேதியோடு. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் சனிக்கிழமைதோறும் கூட்டிப் போடுகிறாள். போன மாதம் வரை பதினான்கு தவணை வந்திருக்கிறது. மீதி 1,14,000.