புது டி.வி வந்தாச்சு... பழைய ஹோம் தியேட்டரைத் தூக்கிப் போடணுமா?

பண்டிகைத் தள்ளுபடியில் 55 இன்ச் 4கே டி.வி வாங்கியாயிற்று, சுவரில் மாட்டியும் ஆயிற்று. உடனே ஒரு சிக்கல். பத்துப் பன்னிரண்டு வருடங்களாக ஹாலில் இருக்கும் 5.1 ஹோம் தியேட்டரின் சிவப்பு, வெள்ளை வயர்களைச் செருக டி.வி-யின் பின்னால் இடமே இல்லை. கடையில் கேட்டால், 'அதெல்லாம் பழைய மாடல் சார். இப்போ இ-ஆர்க்தான். அதுக்கு ஏத்த மாதிரி புதுசா எடுத்துக்கோங்க' என்கிறார்கள். நல்ல சவுண்ட்பாரோ, புது ரிசீவரோ, பல ஆயிரங்களில் ஆரம்பித்து லட்சத்தைத் தொடும் சமாசாரம்.

நிஜமாகவே மாற்றித்தான் ஆக வேண்டுமா? பெரும்பாலான வீடுகளில் அவசியமே இல்லை.

சட்டியில் என்ன இருக்கிறது?

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டி, நீங்கள் பார்க்கும் படத்தில் பதிவாகியிருக்கும் ஒலி. அகப்பை, அதை டி.வி-யிலிருந்து ரிசீவருக்குக் கொண்டுபோகும் கேபிள். ஒரே டால்பி டிஜிட்டல் ஒலியை ஆப்டிக்கல் கேபிளில் அனுப்பினாலும், எச்.டி.எம்.ஐ கேபிளில் அனுப்பினாலும் போய்ச் சேருவது அதே எண்கள்தான். கேபிள் மாறியதால் பாஸ் கூடாது, குரல் இனிக்காது.

அகப்பையின் அளவில்தான் வித்தியாசம். மெல்லிய சிவப்பு ஒளி தெரியும் ஆப்டிக்கல் இணைப்பை 1983-ல் டோஷிபா கொண்டுவந்தது. இரண்டு சேனல் ஸ்டீரியோவையோ, சுருக்கப்பட்ட 5.1 ஒலியையோ அது சுமக்கும். 2009-ல் எச்.டி.எம்.ஐ 1.4-உடன் வந்தது ஏ.ஆர்.சி எனும் 'ஆர்க்'. டி.வி-க்குள் படத்தைக் கொண்டுவரும் அதே கேபிளில், ஒலியை டி.வி-யிலிருந்து ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி இது. 2017-ல் அறிவிக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ 2.1-ல் இருப்பது 'இ-ஆர்க்'. ஆர்க் நொடிக்குச் சுமார் 1 மெகாபிட் கொண்டுபோகும் என்றால், இ-ஆர்க் 37 மெகாபிட் வரை கொண்டுபோகும்.

37 மடங்கு என்றதும் மலைக்க வேண்டாம். நெட்ஃப்ளிக்ஸ் அனுப்பும் 5.1 ஒலி அதிகபட்சம் நொடிக்கு 640 கிலோபிட். அட்மாஸ் என்றாலும் 768 கிலோபிட்தான். இரண்டுமே 1 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். அதாவது, ஓ.டி.டி-யில் வரும் அட்மாஸுக்கு இ-ஆர்க் கட்டாயமில்லை. டி.வி-யும் ரிசீவரும் அட்மாஸை ஏற்பவையாக இருந்தால் சாதாரண ஆர்க்கே போதும்.

அப்படியானால் இ-ஆர்க் யாருக்கு? ப்ளூ-ரே டிஸ்க் வாங்கிப் பார்க்கிறவர்களுக்கு. சுருக்கத்தில் எதையும் இழக்காத ட்ரூ எச்.டி ஒலி அதில் இருக்கிறது. ப்ளேயரை டி.வி-யில் செருகி, அங்கிருந்து அந்த ஒலியை ரிசீவருக்கு அனுப்ப இ-ஆர்க் வேண்டும். ப்ளேயரை நேராக ரிசீவரின் எச்.டி.எம்.ஐ-யில் செருகினால் அதுவும் தேவைப்படாது.

தலைக்கு மேலே ஸ்பீக்கர் இருக்கிறதா?

2012 டிசம்பரில் வெளியான 'சிவாஜி 3டி' மூலம் டால்பி அட்மாஸ் நம் ஊர்த் தியேட்டர்களுக்கு அறிமுகமானது. நாலு பக்கமும் கேட்ட ஒலியோடு, மேலிருந்தும் ஒலி வருவதுதான் அதன் விசேஷம். வீட்டில் அது வர, கூரையில் ஸ்பீக்கர் வேண்டும். அல்லது கூரையில் பட்டுத் திரும்பும்படி மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர் வேண்டும். 5.1.2 என்று பெட்டியில் போட்டிருந்தால், கடைசி 2 அந்த மேல் ஸ்பீக்கர்களைக் குறிக்கும். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் மட்டுமே வைத்துக்கொண்டு அட்மாஸ் ரிசீவர் வாங்கினால், மேலே கேட்க வேண்டிய மழை வழக்கம்போல் பக்கவாட்டில்தான் பெய்யும்.

காசு செலவில்லாத வைத்தியம்

'என்னடா சொன்னான் இப்போ?' என்று பாட்டி வசனத்துக்கு வசனம் கேட்கிறாரா? பழியை ரிசீவர் மேல் போடும் முன், டி.வி-யின் ஒலி செட்டிங்ஸுக்குப் போங்கள். 'டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்' என்ற இடத்தில் 'பி.சி.எம்' என்று இருந்தால், ஆப்டிக்கலிலும் ஆர்க்கிலும் வெறும் ஸ்டீரியோதான் வெளியே போகும். 5.1-ல் வசனத்துக்கென்றே இருக்கும் சென்டர் சேனல் தனியாக வந்து சேராது. அதை 'ஆட்டோ' அல்லது 'டால்பி டிஜிட்டல்' என்று மாற்றுங்கள். பிறகு 5.1 என்று குறிப்பிட்டிருக்கும் ஒரு படத்தைப் போட்டு, ரிசீவரின் முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்று வருகிறதா என்று பாருங்கள்.

ரிசீவர் பழையது என்றால் ஓ.டி.டி ஸ்டிக்கையும் செட்டாப் பாக்ஸையும் நேராக டி.வி-யில் செருகுங்கள். பழைய ரிசீவர்கள் பல 4கே படத்தைக் கடத்திவிடாது. படம் டி.வி-யில், ஒலி மட்டும் ரிசீவருக்கு என்று பிரித்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது.

ஆப்டிக்கல் துளையே இல்லையா?

உள்ளூரில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபயர்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு. ஆறு வயர் செருகும் துளைகள் மட்டுமே அவற்றில் இருக்கும். இதற்கென '5.1 டீகோடர்' என்ற சிறு பெட்டி கிடைக்கிறது. டி.வி-யின் ஆப்டிக்கல் ஒலியை வாங்கி, ஆறு சேனலாகப் பிரித்துத் தரும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களில் விசாரிக்கலாம். டால்பி டிஜிட்டலைப் பிரிக்குமா என்று கேட்டு, போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள். சிவப்பு, வெள்ளை என்று இரண்டே துளைகள் இருந்தால் ஸ்டீரியோ மட்டும்தான் கிடைக்கும். அதற்கு, டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றும் சிறிய கன்வெர்ட்டர் போதும். இதைப் பயன்படுத்தும்போது மட்டும் டி.வி-யில் 'பி.சி.எம்' வைக்க வேண்டும்.

எப்போது மாற்றலாம்?

மேல் ஸ்பீக்கர்களோடு அட்மாஸ் அமைக்கப் போகிறீர்கள் என்றால் மாற்றலாம். ரிசீவர் பழுதாகி, உதிரி பாகம் கிடைக்கவில்லை என்றாலும் மாற்றலாம். மூன்று ரிமோட்டோடு வீட்டில் பெரியவர்கள் திண்டாடுகிறார்கள் என்பதும் நியாயமான காரணமே. ஆர்க் இணைப்பில் டி.வி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

மற்றபடி, செலவு செய்யும் எண்ணம் இருந்தால் ஸ்பீக்கர்களுக்குச் செய்யுங்கள். வூஃபரைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் வருடக்கணக்கில் உளுத்து உதிரும். கூம்பும் காயிலும் நன்றாக இருந்தால் அந்த வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சென்டர் ஸ்பீக்கரை ஷோகேஸின் உள்ளே தள்ளி வைக்காமல், விளிம்புக்கு இழுத்து, உட்கார்ந்திருப்பவரின் காதைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் டி.வி-க்குப் பக்கத்திலேயே நிற்கின்றன என்றால், அவற்றை சோபாவுக்குப் பின்னால் கொண்டுபோங்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டு, பிடித்த படம் ஒன்றைப் போட்டு முழுதாகக் கேளுங்கள். அப்புறமும் குறை தெரிந்தால், எது குறை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். கடைக்காரரிடம் அதைச் சொல்லி, அதற்கு மட்டும் காசு கொடுங்கள்.